மார்ட்டின் குரோட்ஷெல்

மார்ட்டின் குரோட்ஷெல் (பிறப்பு: 1948, ஷ்வெல்ம், ஜெர்மனி) உகப்பாக்கக் கணிதத்தின் முன்னணி ஆய்வாளர்களுள் ஒருவர். இருக்கும் வழிகளில் மிகச் சிறந்ததைக் காண்பதும், அதைவிடச் சிறந்தது இல்லை என்று நிறுவுவதும் இத்துறையின் வேலை. இரண்டாவதுதான் கடினம். அவர் பெயர் நிலைத்ததும் அதில்தான்.

போஹும் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த அவர், பான் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ஹார்ட் கோர்ட்டேயின் வழிகாட்டலில் 1977-இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது எடுத்துக்கொண்டது பயண விற்பனையாளர் சிக்கல்: எல்லா ஊர்களுக்கும் ஒருமுறை போய், புறப்பட்ட ஊருக்கே திரும்பும் மிகக் குறுகிய சுற்று எது? அவர் எடுத்தவை 120 ஊர்கள். சாத்தியமான சுற்றுகளின் எண்ணிக்கையே 197 இலக்கம் கொண்டது. ஒவ்வொன்றாகச் சோதிப்பது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம்.

ஊர்களுக்கு இடையிலான 7,140 இணைப்புகளை மாறிகளாக வைத்து, நிபந்தனைகள் சிலவற்றைத் தளர்த்திய நேரியல் கணக்கை முதலில் கணினி தீர்த்தது. வந்த விடை முழுச் சுற்றாக இல்லை. துண்டு வளையங்களும், பாதி அளவே தேர்வான இணைப்புகளுமாக இருந்தது. குரோட்ஷெல் அதைத் தாளில் வரைந்தார். எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று கண்ணாலேயே தேடிப் பிடித்து, அதைச் சமனின்மையாக எழுதிச் சேர்த்து, மறுபடி கணினிக்குக் கொடுத்தார். கணினியின் வேலை சீக்கிரம் முடிந்தது. வரைந்து தேடுவதுதான் நேரத்தைத் தின்றது. 13 முறை ஓட்டியபின் கிடைத்த விடை 6,942 கிலோமீட்டர். இதைவிடக் குறுகிய சுற்று கிடையாது என்ற நிரூபணமும் கூடவே வந்தது.

கையால் செய்த அந்தத் தேடலே பின்னர் கோட்பாடானது. சோவியத் கணிதர் கச்சியான் 1979-இல் நீள்வட்டக முறையால் நேரியல் கணக்குகளை விரைவாகத் தீர்க்கலாம் என்று காட்டினார். அதைக் கொண்டு குரோட்ஷெலும் சக கணிதர்களான லோவாஸ், ஸ்க்ரைவர் ஆகியோருமாக மூவரும் 1981-இல் ஓர் அடிப்படை உண்மையை நிறுவினர்: மீறப்பட்ட நிபந்தனையை விரைவாகக் கண்டுபிடிக்க முடிந்தால், உகந்த விடையையும் விரைவாகக் காண முடியும். இதற்கு 1982-இல் ஃபுல்கர்சன் பரிசு கிடைத்தது. மூவரும் 1988-இல் எழுதிய நூல் இன்றும் துறையின் ஆதார நூல்.

1982 முதல் ஆக்ஸ்பர்க்கில் பேராசிரியராக இருந்தவர், 1991-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் ட்சூசே ஆய்வு நிறுவனத்துக்கும் வந்தார். மாற்றுத்திறனாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிச் சென்ற பெர்லினின் டெலிபஸ் வண்டிகளுக்கு அங்கேதான் அவர் குழு பயணத்திட்டம் வகுத்தது. தேற்றத்துக்குக் கொடுத்த அதே அக்கறையை இதற்கும் கொடுத்தது அவருடைய பெருமை.

1995-இல் லைப்னிட்ஸ் பரிசு பெற்றார். 2007 முதல் 2014 வரை சர்வதேசக் கணித ஒன்றியத்தின் செயலாளர். 2015 முதல் 2020 வரை பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகத்தின் தலைவர்.