கணக்கில் வராத மண்ணெண்ணெய்

வளர்முக நாடுகளின் எரிசக்தி வரலாறு விறகு, மண்ணெண்ணெய், மின்சாரம் என்று ஏறுபடிகளாகவே எழுதப்படுகிறது. யாழ்ப்பாணம் அந்தப் படிகளில் இறங்கியது. 1990இல் யுத்தத்தோடு தேசிய மின்வழங்கல் நின்றது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் அரிதானது. அப்போது வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. அடியில் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு, அதிலிருந்து மெல்லிய நூல்திரி; போத்தலே சிமினி. மோட்டார் சைக்கிள்கள் சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். (செய்தி முடியும்வரை மிதித்தது அநேகமாக வீட்டுச் சின்னப் பெடியன்தான்.)

இவற்றுக்கெல்லாம் எங்கே புள்ளிவிபரம்? 1981க்குப் பின் முழுநாட்டையும் எண்ணிய குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. விறகுப் பாவனையோ பெரும்பாலும் நேரடியாக அளக்கப்படுவதில்லை. தலைக்கு இவ்வளவு என்று சனத்தொகையால் பெருக்கப்படுவது. அந்தத் தொகையே தெரியாத இடத்தில் ஓர் ஆய்வாளர் வெற்றிடம் விடலாம், அல்லது நாட்டுச் சராசரியை நிரப்பலாம். இரண்டாவதுக்குத்தான் நான் பயப்படுகிறேன். சராசரியில் யாழ்ப்பாணமும் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் பெற்றுக்கொண்டிருக்கும். உண்மையில் குடாநாடு தேசிய மின்வலையோடு மீண்டும் இணைந்தது 2013இல்.

எங்கள் வீடுகளில் பழைய கடிதங்கள் இருக்கின்றன. ஒரு போத்தல் எண்ணெய் எத்தனை நாளுக்கு வந்தது, எதை எரித்துச் சமைத்தார்கள் என்று அம்மாமாரைக் கேட்டு எழுதலாம். அவர்களிற் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.