ஒரு நதியும் அதன் நத்தைகளும்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்க்களங்களுமே நம் நினைவில் எழுகின்றன. ஆனால் ஓர் ஆற்றுக்கும் வரலாறு உண்டு. அவ்வாற்றின் கற்களுக்கடியில் வாழும் நத்தைக்கும் வரலாறு உண்டு. நான் ஆசிரியனாக இருந்த நாளில், மாணவர்கள் குளத்திலிருந்து பொறுக்கி வந்த நத்தைகளை மேசைமேல் வைத்துப் பாடம் நடத்தியதுண்டு. நம் குளத்து நத்தைகளுள் ஒன்றுக்குத் தூரத்து உறவான ஓர் உயிரினத்தின் கதையையே இன்று கூற விழைகிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் ரோம் நகரில் இரு சிற்றாறுகள் கூடிக் கூசா என்னும் ஆறாகின்றன. அது ஏறத்தாழ 450 கிலோமீட்டர் ஓடி, அலபாமா மாநிலத்தில் டல்லபூசா ஆற்றுடன் கலந்து, அலபாமா ஆறு எனப் பெயர் பெறுகிறது. அக்காலக் கூசா, பாறைகளின்மேல் நுரைத்துப் பாய்ந்த நதி. இடையிலிருந்த பாறைத் தடைகளைத் தாண்டி நீராவிக் கப்பல்களும் செல்ல இயலவில்லை. கப்பலுக்குத் தடையாக நின்ற அப்பாறைகளே நத்தைகளுக்கு வீடாக விளங்கின. உலகில் வேறெங்கும் இல்லாத நத்தையினங்கள் பல அங்கே வாழ்ந்தன.

அவற்றுள் ஒன்று டூலோடோமா. 1834-ஆம் ஆண்டில் கான்ராட் என்ற அமெரிக்க அறிஞர் இதனை அறிவியல் உலகுக்கு அறிவித்தார். 'மிகச் சிறப்புடையது' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லை அதற்குப் பெயராகச் சூட்டினார். அதன் ஓட்டில் வரிசை வரிசையாகப் புடைப்புகள் அமைந்திருக்கும். அது முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது. விரைந்தோடும் நீரில், பெரிய கற்களின் அடியில் ஒட்டிக்கொண்டு, நீரில் மிதந்து வரும் நுண்ணிய உணவை வடித்து உண்கிறது. ஓட்டம் நின்றால் அதன் உணவும் நின்றது, மூச்சும் நின்றது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தது. அலபாமா மக்களுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. 1914-இல் கூசாவின் குறுக்கே லே அணை எழுந்தது. 1923-இல் மிட்செல் அணை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஜோர்டான் அணை. பின்னர், 1961 முதல் 1967 வரை மேலும் பல அணைகள் தோன்றின. துள்ளிய நதி, தேங்கிய ஏரிகளின் தொடராயிற்று. கற்களின்மேல் வண்டல் படிந்தது. அணைக்குக் கீழேயோ, மின்சாரத் தேவைக்கேற்ப ஒரு வேளை பெருவெள்ளம். மறு வேளை வறண்ட பாறை. அங்கே நத்தை எவ்வாறு வாழும்?

முப்பதுக்கும் மேற்பட்ட நத்தையினங்கள் கூசாவிலிருந்து மறைந்தன. ஓட்டின் வாயிலில் கீறல் போன்ற பிளவுடைய கைரோடோமா என்னும் பேரினம் முழுவதும் அழிந்தது. அதன் ஓடுகளை இன்று காட்சிச்சாலைப் பேழைகளில் மட்டுமே காணலாம். அணைகளைக் கட்டியவர்களைக் கொடியவர் என்று நான் கூறேன். வீடுகளில் விளக்கெரிந்தது, தொழில்கள் வளர்ந்தன. ஆனால் அவ்விளக்கின் விலையைக் கணக்கிட்டவர்கள், நத்தைகளை அக்கணக்கில் சேர்க்கவில்லை. பின்வந்தோர் எழுத நேர்ந்தது அழிவின் கணக்கே!

டூலோடோமாவும் மறையும் நிலையில் இருந்தது. முன்பு வாழ்ந்த பரப்பில் மிகச் சிறு பகுதியிலேயே, கூசாவின் கீழ்ப்பகுதியிலும் சில ஓடைகளிலும் எஞ்சியிருந்தது. 1991-இல் அமெரிக்க அரசு அதனை அழியும் ஆபத்திலுள்ள உயிரினம் என அறிவித்தது. அக்காலத்தை ஒட்டியே ஒரு மாற்றமும் நிகழ்ந்தது: ஜோர்டான் அணைக்குக் கீழே ஆற்றில் எப்போதும் குறைந்த அளவு நீராவது ஓடவேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அவ்வளவுதான், மாணவர்களே! அணை இடிக்கப்படவில்லை; மின்சாரமும் நிறுத்தப்படவில்லை. நதிக்கு அதன் ஓட்டத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தது. நத்தைகள் பெருகின, அலபாமா ஆற்றிலும் மீண்டும் காணப்பட்டன. 2011-இல் அரசு அதன் நிலையை, ஆபத்து சற்றுக் குறைந்த பிரிவுக்கு மாற்றியது.

இரு பாடங்களை இக்கதை நமக்குப் புகட்டுகிறது. டூலோடோமாவுக்கு நீரைத் திறந்துவிட முடிந்தது. ஏனெனில் அது சில இடங்களில் உயிரோடிருந்தது. கைரோடோமாவுக்கோ எத்துணை நீரைத் திறந்தாலும் பயனில்லை. காலத்தே செய்யும் சிறு உதவி ஓர் இனத்தைக் காக்கும். காலம் கடந்தபின் பெருஞ்செல்வமும் அதனை மீட்காது.

நாளை உங்களுள் சிலர் பொறியாளர்களாகி அணைகளைக் கட்டக்கூடும். சிலர் ஆட்சிப் பொறுப்பேற்று அவற்றுக்கு ஒப்பம் இடக்கூடும். அப்போது வரைபடத்தை விரித்து வைத்து ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்நீரில் ஏற்கனவே குடியிருப்பவர் யார்?" அக்கேள்விக்கு விடை கண்டபின் கல்லை எடுத்து வையுங்கள்.