இலத்தீன் உறுப்புப் பெயர்களும் நன்னூல் நெறியும்

உடற்கூற்றுச் சொற்களைப் பெயர்த்துக் கொள்வதா, ஒலிபெயர்த்துக் கொள்வதா என்னும் வினா பழையது. மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த கிறீன் பெரிதும் வடசொல்லை நாடினார் என்பதை, 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் நூற்பெயரே காட்டும். 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் கலைச்சொற் சங்கம் நிறுவினர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரனும் கொங்கு நாட்டவரே. ஆயினும், ஒலிபெயர்த்த சொல் தமிழில் எவ்வாறு அசைபிரிந்து ஒலிக்கும் என்பது அத்துணை ஆராயப்படவில்லை.

இதற்கு வழிகாட்டும் நூல் நன்னூலே. அதன் ஆசிரியர் பவணந்தியார் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என்பது கொங்கு நாட்டு வழக்கு. வடசொல்லில் யரலக்கள் பிற மெய்யோடு இணைந்து வருங்கால் இடையே இகரம் தோன்றும் என்பது அவர் விதி. காறையெலும்பின் இலத்தீன் பெயர் தமிழில் 'கிளாவிக்குலா' ஆவதும் அவ்விதியின் பயனே. விழித்திரையின் பெயர் 'இரெட்டினா' என இகரம் பெறுவதோ மொழிமுதல் ரகரத்துக்குரிய வேறொரு விதியின் பயன்.

இலத்தீனில் ஈற்றயலசை நெடிதாயின் அழுத்தம் அதன்மேல் விழும். குறிதாயின் அதற்கு முன்னதன்மேல் விழும். காறையெலும்பின் பெயரில் 'வி' அழுத்தம் பெறும். தமிழில் வல்லொலியைக் காக்கக் ககரத்தை இரட்டிக்கிறோம். கிளா, விக், குலா என நிரை, நேர், நிரையாகப் பிரிகையில் 'விக்' ஒற்றடுத்து வலிவு பெறுகின்றது. அழுத்தம் எண்ணாமலே காக்கப்பட்டது! முழங்காற்சில்லின் பெயரிலோ இதே இரட்டிப்பு இடர் செய்கின்றது. இலத்தீனில் 'ப' மெலிந்து 'தெல்' மட்டுமே ஓங்கும். 'பட்டெல்லா' என எழுதுங்கால் மூன்றும் நேரசையாய் நிகராகின்றன. மாணவர் முதலசையை ஓங்கி ஒலிப்பதில் வியப்பில்லை.

கணைக்காலெலும்பை 'டிபியா' என எழுதுவோர் மூலவொலியைக் காத்ததாகக் கருதுவர். அவர் காத்தது ஆங்கில ஒலியையே. இலத்தீன் தகரம் பல்லொலி. நம் தகரமும் அன்னதே. டகரம் மொழிக்கு முதலாகாது என்னும் தொல்காப்பிய விதியை, இல்லாத ஒலிக்காகக் கைவிட்டோம். 'திபியா' என்புழி இடைநின்ற பகரமும் தானே மெலிந்து இலத்தீன் ஒலியோடு ஒக்கும்.