இளையோர் டிஸ்டோபியா நாவல்களும் பெரியவர்களின் வாசிப்பும்

கொடுங்கோலாட்சியோ கடுங்கட்டுப்பாடோ நிலவும் கற்பனைச் சமூகத்தில் வளரும் ஒருவர், அதன் உண்மை முகத்தைக் கண்டுகொண்டு எதிர்த்து நிற்பதைச் சொல்வது இளையோர் டிஸ்டோபியா நாவல். பதின்பருவத்தினரை நோக்கி எழுதப்படும் இந்த நாவல்களுக்குப் பெரியவர்களிடமும் பெரிய வாசகர் கூட்டம் உண்டு. அமெரிக்காவில் பௌக்கர் என்ற நூல்சந்தை ஆய்வு நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, இளையோர் நூல்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள்.

தோற்றம்

பிகாரின் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ (1949) பெரியவர்களுக்கான டிஸ்டோபியாவின் முன்மாதிரி. எழுத்தாளர் க.நா.சு. அதைத் தமிழாக்கினார். இளையோர் பிரிவில் லோயிஸ் லவ்ரியின் ‘தி கிவர்’ (1993) சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008), வெரோனிகா ராத்தின் ‘டைவர்ஜென்ட்’ (2011) ஆகியவை திரைப்படங்களாகவும் வந்து இவ்வகையை உலகெங்கும் பரப்பின.

தமிழில்

தமிழ் வார இதழ்களில் இளையோர்க்கு ஒன்று, பெரியோர்க்கு ஒன்று என்று தொடர்கதை பெரும்பாலும் பிரிந்ததில்லை. வீட்டுக்கு வரும் ஒரே இதழ் கைமாறிக் கைமாறி எல்லோராலும் படிக்கப்பட்டது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளரான சுஜாதா (1935–2008) 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ அப்படிப் படிக்கப்பட்டதே. ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆளும் எதிர்கால இந்தியாவில் பெயர்கள் சுருக்கப்பட்டுவிட்டன. குழந்தை பெறவும் அரசு அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவளுக்குத் துணையாகிறது ஜீனோ என்ற இயந்திர நாய். இதன் தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’. தூர்தர்ஷன் இக்கதையைத் தொலைக்காட்சித் தொடராக்கியது.

கதை நடக்கும் காலம் 2020களின் தொடக்கம். பள்ளிப் பருவத்தில் வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்கள் இப்போது நடுவயதைத் தாண்டிவிட்டார்கள். நாவலின் எதிர்காலம் அவர்களுக்குக் கடந்த காலம்.

வயதுக்கேற்ற வாசிப்பு

சிறுவயதில் மனத்தில் நிற்பது ஜீனோவின் குறும்பும் ஜீவா எப்போது வீழ்வான் என்ற பரபரப்பும். பின்னாளில் படிப்பவர் வேறொன்றைக் கவனிக்கிறார்: ஜீவா வெறும் ஒளிப்பிம்பம், ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்களே நிலாவைப் பொம்மை அரசியாக அமர்த்துகிறார்கள். ஆளும் முகம் மாறினாலும் அனுமதிச் சீட்டு கொடுக்கும் ஏற்பாடு அப்படியே இருக்குமா என்ற கேள்வி அப்போதுதான் உறைக்கிறது.

வயது ஏற ஏற, வாசகர் இளம் கதைமாந்தரின் பக்கத்திலிருந்து அவர்களுடைய பெற்றோர் தலைமுறைக்கு நகர்ந்துவிடுகிறார். ‘தி கிவர்’ நாவலில், குழந்தைகளைப் பராமரிக்கும் அன்பான தந்தை, இரட்டையரில் எடை குறைந்த சிசுவுக்கு ஊசி போட்டுக் கொன்று, அட்டைப்பெட்டியில் வைத்துக் குப்பைக் குழாயில் தள்ளுகிறார். பதிவான காட்சியில் அதைப் பார்க்கும் பன்னிரண்டு வயது மகனின் அதிர்ச்சி இளம் வாசகருடையது. தவறென்றே தோன்றாமல் வேலையை முடித்துவிட்டு வீடு திரும்பும் தந்தைதான் பெரியவரை உறுத்துகிறார்.

இந்த நாவல்களில் வரும் கண்காணிப்புக் கருவிகள் பற்றிய பார்வையும் இப்படியே மாறுகிறது. கோவையை அடுத்த மதுக்கரை வனச்சரகத்தில், எட்டிமடை–வாளையாறு ரயில் பாதையோரம், யானைகள் அடிபடாமல் காக்க, 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு தொடங்கப்பட்டது. 12 கோபுரங்களில் பொருத்திய 24 கேமராக்கள் இரவிலும் யானையை அடையாளம் கண்டு எச்சரிக்க, ரயிலின் வேகம் குறைக்கப்படுகிறது. கருவி தன்னளவில் கொடியதல்ல என்பதற்கு இது அருகிலுள்ள சான்று. யார் பார்க்கிறார்கள், எதற்காக, யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதே நடுவயது வாசகரின் கேள்வி.

விவாதம்

இளையோர்க்கான கதைகளில் பெரியவர்கள் மூழ்குவது வெட்கத்துக்குரியது என்று எழுத்தாளர் ரூத் கிரஹாம் 2014இல் ‘ஸ்லேட்’ இதழில் எழுதியது பெரும் சர்ச்சையானது. அந்தக் கதைகளின் முடிவுகள் எளிமையானவை, மனநிறைவைச் சுலபமாகத் தருபவை என்பது அவர் வாதம். ஆனால் இக்கதைகள் மனநிறைவோடு நின்றுவிடவில்லை: அதே ஆண்டு மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, ‘ஹங்கர் கேம்ஸ்’ கதையில் வரும் மூன்று விரல் வணக்கத்தைப் போராட்டக்காரர்கள் கையில் எடுத்தார்கள். அப்படிக் கையுயர்த்தியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். 2021இல் மியான்மரின் ராணுவ ஆட்சிக்கு எதிராகவும் அதே சைகை தெருக்களில் உயர்ந்தது. மருத்துவர்களும் அரசு ஊழியர்களும் அதில் இருந்தார்கள்.