தலைப்பாகையோடு போவதற்கு

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. சைக்கிள் ஓட்டுபவரின் ஹெல்மெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகத்தை நான் கண்டதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஆபத்து வரும் சமயத்தில் தலைப்பாகை தலையிலேயே இருந்தாக வேண்டும்!

இந்தக் கவசத்தின் சரித்திரம் மரணத்தில் தொடங்குகிறது. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே மாதத்தில் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள்மீது மோதாமலிருக்க வண்டியைத் திருப்பியவர் தூக்கி எறியப்பட்டார். தலையில் பட்ட அடியால் ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவரைப் பார்த்த வைத்தியர்களுள் ஹ்யூ கேர்ன்ஸ் என்ற மூளை நிபுணரும் ஒருவர். பிற்பாடு அவர் இத்தகைய காயங்களை ஆராய்ந்து, 1941-ல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே, செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் தலைக்கவசம் அணிய வேண்டுமென்று பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவிட்டது.

சாதாரண சைக்கிளுக்கு அந்தப் பாக்கியம் தாமதமாகவே கிட்டியது. பந்தயக்காரர்கள் வெகுகாலம் பஞ்சு திணித்த தோல் பட்டைகளையே மாட்டிக்கொண்டார்கள். அடியைத் தாங்கித் தானே நசுங்கும் உட்புறம் கொண்ட கவசத்துக்கு 1953-ல் அமெரிக்காவில் லொம்பார்ட், ராத் என்ற இருவர் பேட்டண்ட் பெற்றனர். அதே தத்துவத்தில், தெர்மோகோல் போன்ற பொருளை உள்ளே வைத்துச் சைக்கிளுக்கென்றே ‘பெல் பைக்கர்’ வந்தது 1975-ல்தான்.

வந்தும் என்ன? 1991-ல் கவசத்தைக் கட்டாயமாக்க முனைந்தபோது, ஐரோப்பியப் பந்தய வீரர்கள் ஓட மறுத்து எதிர்த்தார்கள், விதி தளர்ந்தது. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில், கவசமின்றி ஓட்டிய கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலெவ் விழுந்து உயிரிழந்தார். அவ்வாண்டு மே மாதமே சர்வதேசச் சங்கம் கட்டாய விதியைக் கொண்டுவந்தது.

இத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்து வாங்கிய பொருளைக் கல்யாண மாப்பிள்ளையின் குல்லாயைப் போலப் பின்னுக்குத் தள்ளிச் சிலர் அணிவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. விழும்போது முதலில் தரையைத் தொடுவது நெற்றியாயிருந்தால் என்ன செய்வது? கவசம் மட்டமாக அமர வேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடைக்கு மிஞ்சி ஏறக்கூடாது. முன்வாரும் பின்வாரும் காதுக்குக் கீழே கூட வேண்டும். தாடைவாரில் ஒரு விரல் நுழையலாம்; முஷ்டி நுழையக் கூடாது. பூட்டிய பிறகு பெரிதாகக் கொட்டாவி விட்டுப் பாருங்கள். கவசம் உச்சந்தலையை அழுத்தினால் சரி. தலையை ஆட்டினால் அது தனியே ஆடக்கூடாது.

தலைப்பாகை விழுந்தால் உதறிக் கட்டிக்கொள்ளலாம். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசமோ, வெளியே பளபளத்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும். அதை மறுபடி மாட்டாதீர்கள்; அது தன் வேலையை முடித்துவிட்டது.