விறகுக்கு மீட்டர் இல்லை

போன வருடம் பாட்டியை ஜாசின் பக்கம் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவெல்லாம் இருமல். மருத்துவர் இளம்பெண். படிவத்தை நிரப்பிக்கொண்டே "மெரோகோக்?" என்று கேட்டார். புகைபிடிப்பீர்களா என்று. பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தடா, தடா" என்று தலையை ஆட்டினார். படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது.

காரில் ஏறும்போதுதான் சொன்னார்: "அந்தப் புள்ள சிகரெட்டக் கேக்குது. நாப்பது வருசம் அடுப்ப ஊதுனத யாரு கேக்குறா?"

அந்தச் சமயத்தில் நான் 2023 ஆகஸ்டில் அரசாங்கம் வெளியிட்ட தேசிய எரிசக்தி மாற்றப் பாதைத் திட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். 2050க்குள் கரிம உமிழ்வைச் சுழியமாக்குவது, சூரிய ஒளி, ஹைட்ரஜன், உயிரி எரிபொருள் என்று விரியும் ஆவணம். இப்படிப்பட்ட ஆவணங்களின் கணக்கு மெகாவாட்டில்தான் தொடங்கும். பாட்டி சொன்ன அந்த நாற்பது வருடத்தை எந்த அலகில் எழுதுவது என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

மலாக்காவின் எரிசக்தி வரலாறு விறகிலிருந்து ஆரம்பிக்கிறது. ரப்பருக்கு முன்னால் இங்கே மரவள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீன முதலாளிகள் காட்டை வெட்டி மரவள்ளி நட்டார்கள். மாவு காய்ச்சும் ஆலைகளுக்கு விறகு வேண்டும், அதற்கு மேலும் காடு போனது. மண் சோர்ந்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். அப்படி மரவள்ளி போட்டுக்கொண்டிருந்த தான் சாய் யான், ஹென்றி ரிட்லி தந்த ஊக்கத்தில் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசகான். நம் ஆட்கள் கப்பலேறி வந்தது இதற்குப் பின்னால் விரிந்த தோட்டங்களுக்கு.

ரப்பர்த் தோட்டத்தில் இரண்டு இடங்களில் விறகு எரிந்தது. ஒன்று, ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைக்கொட்டாய். அங்கே எரிந்த விறகுக்கு ஆள் உண்டு, கூலி உண்டு, கிராணியின் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. இன்னொன்று, லயத்து வீட்டு அடுப்பு. மறுநாள் பால் வெட்டப் போகிறவருக்குச் சோறு பொங்கியது அந்த அடுப்புதான். அந்த விறகு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. கூலிப் புத்தகத்திலேயே பெண் முழு ஆளாக இல்லையே. 1920களின் இறுதியில் இந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயமான நாள்கூலி, போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஐந்தில் நான்கு பங்கு ஆள்.

பாட்டி 1944இல் பிறந்தவர். பத்து வயதிலேயே அடுப்பு அவர் கைக்கு வந்துவிட்டது, பதினான்கில் பால்வெட்டு. விடிகாலை மூன்றரைக்கு எழுந்து அடுப்பை மூட்ட வேண்டும். முதல் நாள் மழை பெய்திருந்தால் மிலாறு ஈரமாக இருக்கும், எரியாமல் புகையும். ஊதாங்குழலில் ஊதி ஊதிக் கண் சிவந்துபோய்த்தான் பெரட்டுக்கு நிற்பார்களாம். மரம் வெட்டி, பால் எடுத்து, காண்டாவில் தூக்கி வந்து ஸ்டோரில் கொட்டி, வீடு திரும்பும் வழியில் காய்ந்த கொம்பு பொறுக்க வேண்டும். தலையில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு பிள்ளை. மறுநடவுக்குக் கிழட்டு மரங்களைச் சாய்க்கும் காலத்தில் மட்டும் விறகுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாய்ந்த மரமும் கம்பெனிச் சொத்து. தண்டல் கண்ணில் பட்டால் ஒரு பேச்சு வாங்க வேண்டும்.

"தாத்தா விறகு பொளக்க மாட்டாரா?" என்று கேட்டேன்.

"தீவாளிக்கு முந்தின நாளு பொளப்பாரு. அதையே வருசம் பூரா சொல்லிக் காட்டுவாரு."

1948இல் அவசரகாலம் வந்தபோது இந்த வேலையும் சிக்கலானது. பிரிக்ஸ் திட்டப்படி 1950 முதல் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகக் கூட்டி முட்கம்பி வேலிக்குள் வைத்தார்கள். ஊரடங்கு நேரம் முடிந்துதான் வெளியே போக முடியும். காட்டில் இருப்பவர்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்று சோற்றுப் பொட்டலத்துக்கும் சோதனை. வேலிக்கு வெளியேதான் விறகு கிடந்தது, விறகுக்குப் போகிறவர்கள் பெண்கள். ராணுவ வரலாறுகளில் அவசரகாலத்து உணவுக் கட்டுப்பாடு பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த உணவைப் பொங்கப் பயன்பட்ட எரிபொருள் பற்றிப் படித்த ஞாபகம் எனக்கு இல்லை. மத்திய மின்சார வாரியம் உருவானது அதே காலத்தில்தான், 1949இல். புதுக்கிராமங்கள் பலவற்றில் முதலில் வெளிச்சம் போட்டது வேலிக்கு. வீட்டுக்கு அல்ல.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 1959இல் துன் ரசாக்கின் கீழ் கிராமப்புற வளர்ச்சி அமைச்சு வந்தது. ரோடு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் கிராமத்துக்குப் போயின. 1956இல் தொடங்கிய ஃபெல்டா நிலமற்றவர்களுக்கு நிலம் தந்து குடியேற்றியது, மலாக்காவிலும் அக்குடியேற்றங்கள் உண்டு. 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை. இவை அத்தனையிலும் 'கிராமப்புறம்' என்ற சொல்லுக்குள் தோட்டம் இல்லை. தோட்டம் தனியார் நிலம், அங்கே வசதி செய்து தருவது முதலாளி பொறுப்பு என்று அரசாங்கம் விட்டுவிட்டது. சட்டம் கட்டாயப்படுத்தாத எதையும் முதலாளி செய்வாரா? மலாய்க் கம்பமும் தமிழ் லயமும் ஒரே ரோட்டின் இரண்டு பக்கமாக இருந்த இடங்களில் அந்தக் கோடு கண்ணுக்கே தெரிந்தது. "ரோட்டுக்கு அந்தாண்ட கம்பத்துல லைட்டு எரியும். நாங்க இந்தாண்ட வாசல்ல உக்காந்து அதப் பாத்துக்கிட்டுருப்போம்" என்பார் பாட்டி. கம்பத்து மக்கள் மீது அவருக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. லைட்டுக் கம்பிக்குத் தோட்டத்து எல்லை தெரியும் என்பதுதான் அவருக்கு ஆச்சரியம்.

எங்கள் தோட்டத்தில் மிசின் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து லயத்துக்கு ஒரு கம்பி வந்தது. மாலை ஆறரை முதல் இரவு பத்து வரை, வீட்டுக்கு ஒரு பல்பு. வாரியத்தின் மின்சாரம் வந்தது 1986இல், நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. அப்பா அந்தப் பல்பின் கீழ் பேப்பர் படித்ததைப் பெருமையாகச் சொல்வார். அந்தப் பல்பு தொங்கியது முன்னறையில். அடுப்படிக்கு மண்ணெண்ணெய் விளக்கு. மின்சாரம் வந்த பிறகும் அடுப்பில் விறகுதான். மின்மயமாக்கல் என்று கொள்கை சொல்வது பல்பை. ஒரு வீட்டில் அதிகச் சக்தி செலவாகும் இடம் அடுப்பு என்பது அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. அடுப்பு பெண்ணுடையது, வரைபடம் போட்டவர்கள் ஆண்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட ஆசைதான். ஆனால் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்காகப் பலமாகப் பேரம் பேசியது. பால்வெட்டில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். மேசையில் உட்கார்ந்து பேசியவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள். கூலி கேட்கத் தெரிந்த சங்கத்துக்கு அடுப்பு ஒரு கோரிக்கையாகத் தோன்றவில்லை. ம.இ.கா. மேடைகளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

1990இல்தான் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் திருத்தி எழுதப்பட்டு, குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்றானது. 1992 செப்டம்பர் 29 அன்று தீபகற்பம் முழுதும் மின்தடை. அதைக் காட்டித் தனியார் மின் நிலையங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள், மலாக்காவின் மேற்குக் கரையில் தெலுக் கோங்கிலும் தஞ்சோங் கிளிங்கிலும் மின் நிலையங்கள் எழும்பின. சுங்கை ஊடாங் பக்கம் 1994இல் பெட்ரோனாஸ் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. 2013இல் அங்கேயே திரவ எரிவாயு இறக்கும் முனையமும் வந்தது. தீபகற்பத்தின் எரிசக்தி வரைபடத்தில் மலாக்கா ஒரு முக்கியமான புள்ளி இப்போது. அந்த ஆலை ஓட ஆரம்பித்து இரண்டு வருடம் கழித்து, 1996இல், பாட்டி வீட்டுக்கு முதல் கேஸ் தோம்பு வந்தது. அதுவும் தோட்டம் கைமாறி, லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடி வந்த பிறகு.

இந்தியாவில் 2016இல் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் கேஸ் இணைப்பைப் பெண்ணின் பெயரில் கொடுத்தது. மறு சிலிண்டர் வாங்கக் காசில்லாமல் விறகுக்கே திரும்பிய வீடுகள் அங்கே நிறைய. இருந்தும் அடுப்புப் புகை பெண்ணின் நோய் என்று ஒரு அரசாங்கம் வாய்விட்டுச் சொன்னது அதில் நடந்தது. வீட்டுப் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மலேசியாவில் தோம்புக்கு எல்லாருக்கும் ஒரே மானியம், யார் ஊதினார்கள் என்று கேட்காத மானியம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே தோட்டமே எரிபொருளாகிவிட்டது. 2006இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை. 2011இல் செம்பனை எண்ணெய் 5 சதவிகிதம் கலந்த பி-5 டீசல் புத்ராஜெயாவில் தொடங்கி மலாக்கா உள்ளிட்ட மத்திய வட்டாரத்துக்கு வந்தது, 2019இல் பி-10. ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்பைக் காரணம் காட்டி, செம்பனை எரிபொருளை 2030க்குள் தன் புதுப்பிக்கத்தக்க கணக்கிலிருந்து நீக்க முடிவு செய்தது. மலேசியா 2021இல் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2024இல் வந்த தீர்ப்பு கொள்கையில் ஐரோப்பாவின் பக்கம் சாய்ந்தது, நடைமுறைப்படுத்திய விதத்தில் குறை கண்டது. ஒரு பக்கம் ஒராங்ஊத்தான், மறுபக்கம் சிறுதோட்டக்காரர். அந்தச் சண்டையின் இரு தரப்புப் படங்களும் இவைதான்.

செம்பனைக் காட்டில் மருந்தடித்தவள் எந்தப் படத்திலும் இல்லை. பாட்டியின் தங்கை, எங்கள் சின்னப்பாட்டி, பன்னிரண்டு வருடம் முதுகில் தோம்பு மாட்டிக் களைக்கொல்லி அடித்தார். நகம் கறுத்து உதிரும், மூக்கில் ரத்தம் வரும். குலை வெட்டும் வேலை ஆணுக்கு, கூலி அதிகம். மருந்தடிப்பது பெண்ணுக்கு. 2002இல் ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு இந்தப் பெண்களைப் பற்றி ஆய்வு வெளியிட்டது. அதே ஆண்டு பாரகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது, 2006இல் பின்வாங்கியது. முழுத்தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. 2018 முதல் 2020 வரை எரிசக்தி–பருவநிலை அமைச்சர் இயோ பீ யின், மூலத்தொழில் அமைச்சர் தெரேசா கோக். இரண்டு நாற்காலியிலும் பெண்கள். அது சின்ன விஷயமில்லை என்று அப்போது சந்தோஷப்பட்டவன் நான். ஆனாலும் 'நம் செம்பனையை நேசிப்போம்' என்ற பிரச்சாரம் வந்தபோது சின்னப்பாட்டியின் விரல்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. இப்போது அந்தக் காடுகளில் நிற்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் குடியிருக்கும் கூரை அவர்களுடையதல்ல. வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைத்து மின்சாரம் விற்கலாம் என்று திட்டம் இருக்கிறது. அதற்குக் கூரை சொந்தமாக இருக்க வேண்டும். ரோட்டுக்கு அந்தாண்ட, இந்தாண்ட என்ற கோடு இன்னும் அழியவில்லை.

பாட்டி வீட்டுப் பின்கட்டில் இப்போதும் மூன்று கல் கிடக்கிறது. வெந்நீருக்கும் தீபாவளிப் பலகாரத்துக்கும் அதுதான். மாமாக்கள் வந்தால் விறகடுப்புக் கோழிக்குழம்பின் ருசியைப் பேசித் தீர்க்க மாட்டார்கள். "ருசிங்கிறவன் ஒருத்தனும் ஊதுனதில்ல" என்பார் பாட்டி. பிறகு ஏன் வைத்திருக்கிறீர்கள் என்றால் கணக்குச் சொல்வார்: "தோம்பு 26 வெள்ளி 60 காசுன்னு கவுருமெண்டு சொல்லுது. கடக்காரன் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து போட அதுக்கு மேல கேக்குறான். என்னால தூக்க முடியுமா?"

போன மாதம் மறுபடியும் கிளினிக். இந்த முறை படிவத்தை நானே வாங்கி, புகைப்பழக்கம் என்ற வரிக்குப் பக்கத்தில் ஓரமாக 'காயு ஆப்பி, 42 தாஹுன்' என்று எழுதிக் கொடுத்தேன். விறகு, 42 வருடம். மருத்துவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்தத் தோட்டம் என்று பாட்டியிடம் கேட்டார்.