ஹோ சி மின் நினைவிடம்

வியட்நாம் தலைநகர் ஹனோயில் பா டின் சதுக்கத்தின் மேற்கு ஓரத்தில் அமைந்துள்ள கல்மண்டபம். வியட்நாம் ஜனநாயகக் குடியரசின் முதல் குடியரசுத் தலைவர் ஹோ சி மின்னின் பதப்படுத்தப்பட்ட உடல் இங்கு வைக்கப்பட்டுள்ளது. 1945 செப்டம்பர் 2 அன்று அவர் விடுதலைப் பிரகடனத்தை வாசித்தது இந்தச் சதுக்கத்தில்தான். 1969இல் அவர் இறந்ததும் அதே தேதியில். தேசிய நாளில் துக்கம் சேரவேண்டாம் என்று மறுநாள் இறந்ததாகவே ஆளும் கட்சி அறிவித்தது. உண்மைத் தேதி 1989இல்தான் வெளியானது.

அதே ஆண்டில் இன்னொன்றும் வெளிவந்தது. தம் உடலை எரிக்க வேண்டும், சாம்பலை மூன்றாகப் பிரித்து வடக்கு, நடு, தெற்கு வியட்நாமின் குன்றுகளில் புதைக்க வேண்டும், சிலையோ நினைவுக்கல்லோ எழுப்பாமல் வருவோர் மரம் நடட்டும் என்று உயிலில் அவர் எழுதியிருந்தார். 1969இல் அச்சான உயிலில் இந்தப் பகுதி நீக்கப்பட்டிருந்தது. ஆக, இந்த மண்டபம் அவர் வேண்டாமென்று எழுதிவைத்த ஒன்று.

உடலைப் பதப்படுத்த சோவியத் நிபுணர்கள் உதவினர். வியட்நாம் போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஹனோய்க்கும் பா வி மலைப்பகுதிக்கும் இடையே உடல் பலமுறை இரகசியமாக மாற்றப்பட்டது. கட்டுமானம் 1973 செப்டம்பர் 2 அன்று தொடங்கி, தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்த சில மாதங்களில், 1975 ஆகஸ்டு 29 அன்று மண்டபம் திறப்புவிழா கண்டது. மாஸ்கோவின் லெனின் நினைவிடத்தைத் தழுவிய இதன் உயரம் 21.6 மீட்டர், அகலம் 41.2 மீட்டர். சாம்பல்நிறக் கிரானைட்டால் ஆனது. அடித்தளப் படிகள் அணிவகுப்புகளைப் பார்வையிடும் மேடையாகவும் பயன்படுகின்றன.

காலையில் மட்டுமே அனுமதி. திங்களும் வெள்ளியும் விடுமுறை. அரைக்கால்சட்டை அணிந்தவர்களை உள்ளே விடுவதில்லை. இரண்டிரண்டு பேராக நடக்க வேண்டும், சட்டைப்பையில் கைவிடக்கூடாது, பேசக்கூடாது, படமெடுக்கக்கூடாது. கண்ணாடிப் பேழைக்குள் காக்கி உடையில் கிடத்தப்பட்டிருக்கும் உடலைச் சுற்றி வரிசை நிற்காமல் நகர்வதால், பார்க்கக் கிடைப்பது சில நொடிகளே.

அருகிலுள்ள குடியரசுத் தலைவர் மாளிகை வளாகத்தில் ஹோ சி மின் வாழ்ந்த மரவீடு இருக்கிறது. பிரெஞ்சுத் தலைமை ஆளுநரின் பழைய மாளிகையில் குடியேற மறுத்த அவருக்காக 1958இல் கால்கள் ஊன்றி உயர்த்திக் கட்டிய எளிய வீடு அது. கீழ்த்தளம் திறந்தவெளி, மேலே இரண்டு சிறு அறைகள். அவரது வாழ்க்கைமுறையை அறிய மண்டபத்தைவிட இதுவே உதவும். ஆண்டுதோறும் பராமரிப்புக்காக மண்டபத்தை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மூடுகிறார்கள். பயணத்தைத் திட்டமிடுவோர் தேதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.